ரங்கூன்காரர் சொன்ன மூன்று பெயர்கள்

ஆனி 5, திங்கள்

படித்துறைத் தெரு பங்களா விற்றுப்போயிற்று. வாங்கியவன் எவனோ ரங்கூன்காரனாம். பத்திரத்தை எங்கள் வக்கீல் ஆபீசில் எழுதாமல் அம்பாசமுத்திரத்திலேயே முடித்துக்கொண்டு வந்திருக்கிறான். பத்தொன்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவன் நான். உள்ளூரை விட்டு வெளியூரில் பத்திரம் எழுதுகிறவன் மடியில் கனம் இல்லாமல் இருக்காது.

காலையில் வந்து இறங்கினான். பின்னாலேயே இரண்டு லாரி சாமான், எல்லாம் தேக்கு. முகத்தில் பாதி வெந்து சுருங்கியிருக்கிறது. மீதிப் பாதியை வெள்ளைத் தாடியும் கறுப்புக் கண்ணாடியும் மூடிக்கொண்டிருக்கின்றன. முகத்தைக் காட்ட முடியாதவனுக்கு எட்டு ஜன்னல் வைத்த வீடு எதற்கு?

மளிகைக்கடை தளவாயிடம் அதற்குள் ஒரு கதை முளைத்துவிட்டது. "ஜப்பான்காரன் ஓடும்போது பொதைச்சுட்டுப் போன தங்கத்தை இவரு தோண்டி எடுத்தாராம்வே. ஊரெல்லாம் அதே பேச்சு." ஊரெல்லாம் என்றால் அவன் கடைக்கு வெற்றிலை வாங்க வந்த நாலு பேர்.

கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டேன்.

ஆனி 6, செவ்வாய்

ரங்கூன் முதலாளி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளி! நேற்று வந்தவன்.

ஆனி 12, திங்கள்

படித்துறைக் கமிட்டிக் கூட்டம். ஒன்பது வருஷமாக நான்தான் செயலாளர். இடிந்த படிகளைக் கட்டி, மேலே மண்டபமும் எழுப்பித் தருவதாக ரங்கூன்காரன் சொல்லியனுப்பியிருந்தான். எல்லாருக்கும் வாயெல்லாம் பல். அவனும் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தான்.

நான் எழுந்து, கமிட்டியின் பழக்கத்தைச் சொன்னேன். உபயம் செய்கிறவர் தன் பேரும் தகப்பன் பேரும் எழுதிக் கொடுக்க வேண்டும்; அதைக் கல்லில் வெட்டுவோம். செயலாளர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உளி வைப்பது.

"பேரு வேண்டாம். படி இருந்தாப் போதும்" என்றான். குரல் கரகரவென்று தொண்டையில் மணல் கட்டியதுபோல் இருக்கிறது.

"தகப்பன் பேரைச் சொல்ல என்ன கூச்சம்?" என்று கேட்டேன். கறுப்புக் கண்ணாடி என் பக்கம் திரும்பியது.

"சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுவேன்."

தளவாய் என் துண்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கிளம்பும்போது ரங்கூன்காரன் வேட்டி நுனியை இடது கையால் தூக்கிப் பிடித்தபடி படியிறங்கினான். எத்தனையோ பேர் இடது கையால் பிடிக்கிறார்கள்.

ஆனி 15, வியாழன்

அம்மன் கோயிலில் பார்த்தேன். அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு பேர், நட்சத்திரம் கேட்டார். "சாமி பேருக்கே பண்ணுங்க" என்கிறான்! உற்றார் உறவு ஒன்றும் இல்லாதவனா, அல்லது சொன்னால் குட்டு உடைந்துவிடும் என்று பயமா? இரண்டாவதுதான். என் அனுபவத்தில் பேர் சொல்லாத சாட்சி எவனும் யோக்கியன் இல்லை.

கோமதியும் கோயிலில்தான் இருந்தாள். என் தங்கை. புருஷன் போனபின் பதினோரு வருஷமாக என் வீட்டில்தான் இருக்கிறாள். என் பெண்சாதி காலமானதிலிருந்து சமையலும் அவள்தான். தீபாராதனைக்கு முன்னமேயே நான் வந்துவிட்டேன். அவள் ஒரு மணி நேரம் கழித்து வந்தாள்.

ஆனி 16, வெள்ளி

ரசத்தில் உப்பு இல்லை. கேட்டால் சிரிக்கிறாள். தாலி அறுத்த நாள் முதல் சிரித்து நான் பார்த்ததில்லை. பித்தம் ஏறியிருக்கும், சுக்குக் கஷாயம் போட்டுக் குடிக்கச் சொன்னேன்.

ஆனி 19, திங்கள்

மொட்டைக் கடிதம் ஒன்று எழுதிப் போலீசுக்குப் போட்டேன். பர்மாவில் கொலை செய்துவிட்டு முதலாளியின் சொத்தோடு ஓடி வந்தவன் என்று எழுதினேன். பொய்யா நிஜமா என்று விசாரிப்பது அவர்கள் வேலை. இடது கையால் எழுதினேன். சுளுக்கிக்கொண்டது.

சமையலறையில் கருப்பட்டிப் பணியாரம் ஒரு தூக்குச்சட்டி நிறைய. "யாருக்கு?" என்றேன். "கோயிலுக்கு" என்றாள். எந்தச் சாமி கருப்பட்டிப் பணியாரம் கேட்டது? எங்கள் வீட்டில் அதை ஆசையாகத் தின்றவன் ஒருவன்தான், அவன் செத்துப்போனான்.

ஆனி 26, திங்கள்

சப்-இன்ஸ்பெக்டர் பங்களாவுக்குப் போய், காப்பி குடித்துவிட்டுத் திரும்பினாராம். "பாஸ்போர்ட்டு, பேப்பரு எல்லாம் பக்காவா இருக்குவே. தங்கமான மனுசன்" என்றார். பாஸ்போர்ட்டில் தகப்பன் பேர் என்ன போட்டிருக்கிறது என்று சாடைமாடையாகக் கேட்டேன். "உமக்கு எதுக்குவே அது?" என்று என்னையே உற்றுப் பார்த்தார். காப்பிக்கு விலைபோன ஜென்மம்.

வீட்டுக்கு வந்தால் பரண் சாமானெல்லாம் கூடத்தில் கிடக்கிறது. ஆடி வரப்போகிறதாம், பித்தளையைத் துலக்குகிறாளாம். என் தகரப் பெட்டியும் கீழே இருந்தது. கத்திவிட்டேன். என் ஆபீஸ் காகிதமெல்லாம் இருக்கிற பெட்டியை யார் இறக்கச் சொன்னது?

"தூசியத் தொடச்சேன். அதுக்கு ஏன் சின்னண்ணே இப்படிக் குதிக்கீய?"

பூட்டு பூட்டினபடியே இருந்தது. சாவியும் இருந்தது, ஆனால் பக்கத்து ஆணியில். நானே மாற்றி மாட்டியிருப்பேன். பெட்டியை நானே பரணில் ஏற்றினேன். திறக்கவில்லை. திறந்து பதினெட்டு வருஷம் ஆகிறது.

ஆடி 3, புதன்

ஆடிக்காற்றில் பின்கட்டு ஓடு மூன்று பறந்துவிட்டது. கொத்தன் வரவில்லை. என் வீட்டுக் கூரை என்றால் எல்லாருக்கும் இளக்காரம்.

என் அண்ணன் விஷயத்தை ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைத்துவிடுகிறேன். நாளைக்கு எவனும் எதுவும் சொல்லக் கூடாது. சிவசைலம், என்னைவிட மூன்று வயது மூத்தவன். தாத்தா பேரைத் தாங்கினவன். இருபது வயதில் ரங்கூனுக்குக் கப்பலேறினான். நாலு வருஷம் கடிதம் வந்தது. பிறகு ரங்கூனில் குண்டு விழுந்தது. கடிதம் நின்றது. நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களில் அவன் இல்லை. சட்டப்படி ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் செத்தவன் கணக்கு. சாஸ்திரப்படி பன்னிரண்டு என்கிறார்கள். நான் நாலு வருஷத்தில் முடித்தேன். தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைத்து, பதினாறு செய்தேன். காரணம் இருந்தது. என் மாமனார் "பாதி வீட்டுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன்" என்று ஒற்றைக் காலில் நின்றார். செத்தவனுக்குப் பங்கு ஏது? வீடு முழுசும் என் பேருக்கு வந்தது. கல்யாணம் நடந்தது.

அன்றிலிருந்து ஆடி அமாவாசை தவறாமல் அவனுக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் இறைக்கிறேன். எந்தத் தம்பி செய்வான்? கோமதி மட்டும் அவனுக்குப் படையல் இலை போட மாட்டேன் என்று முரண்டு பிடிப்பாள். "ஒடம்பப் பாக்காம இலை போடமாட்டேன், வேணும்னா நீங்களே போடுங்க" என்பாள். நானேதான் போடுகிறேன்.

கடிதம் எதுவும் வரவில்லை. எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்வது?

ஆடி 10, புதன்

மூன்று நாள் காய்ச்சல். கோமதி கஞ்சி வைத்துவிட்டு எங்கோ போய்விடுகிறாள்.

கடிதம் வந்தது. சரி, வந்தது. கருமாதிக்கு நாலு நாள் முன்னால். பந்தல்காரனுக்குச் சொல்லி, ஊருக்கெல்லாம் சொல்லி, சமையலுக்கு ஆள் வைத்து, கொள்ளியும் வைத்து முடித்த பிறகு. மண்டலே ஆஸ்பத்திரியிலிருந்து. முகம் வெந்துவிட்டது, பிழைத்துக்கொண்டேன், எழுந்து நடமாட ஒரு வருஷம் ஆகும், இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு என்று எழுதியிருந்தது. கையெழுத்து யாருடையதாகவும் இருக்கலாம். பணம் பறிக்கிற கும்பல் இப்படி எழுதுவது உண்டு.

நான் வாசித்துக் காட்டவில்லை. அம்மா ஆறு மாசம் தெருவாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

கிழித்துப் போட்டிருக்கலாம். ஏன் கிழிக்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை. குமாஸ்தா புத்தி. காகிதத்தைக் கிழிக்கக் கை வராது.

பாதி முகம் வெந்தவர்கள் பர்மாவில் ஆயிரம் பேர் இருப்பார்கள்.

ஆடி 19, வெள்ளி

நாளை அமாவாசை. என் திட்டம் தயார். எந்தக் கொம்பனும் எதை மறைத்தாலும் ஆற்றங்கரையில் எள்ளைக் கையில் எடுத்துவிட்டால் மறைக்க முடியாது. அப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பேரை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். கோத்திரமும் சொல்ல வேண்டும். ரங்கூன்காரன் நாளை தர்ப்பணத்துக்கு வருகிறான் என்று சாமா வாத்தியாரே சொன்னார். அவர் தனித்தனியாகச் செய்துவைக்க மாட்டார்; கூட்டத்தில் கட்டுப்படியாகாது. பத்துப் பத்துப் பேராக உட்கார வைத்து மந்திரம் சொல்லுவார். பேர் வருகிற இடத்தில் நிறுத்துவார். அவரவர் பேரை அவரவர் சொல்ல வேண்டியதுதான்.

அவன் பக்கத்து இடம் எனக்கு. அடுத்தாற்போல் தளவாய். பின்வரிசையில் கமிட்டி ஆட்கள் இருவர். மூன்று சாட்சி போதும். ஒன்று பொய்ப் பேர் சொல்லித் திக்குவான். இல்லையென்றால் எந்தக் குலத்தில் பிறந்தான் என்று தெரிந்துபோகும். மண்டபமும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம் என்று கமிட்டியே துரத்தும்.

வேட்டி வெளுத்து வந்துவிட்டது. தர்ப்பை, எள் வாங்கியாயிற்று.

ஆடி 20, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆற்றில் முழங்கால் தண்ணீர். படித்துறையில் கால் வைக்க இடமில்லை. ரங்கூன்காரன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். கண்ணாடி போடவில்லை. நான் அவன் பக்கம் திரும்பவில்லை.

வாத்தியார் மந்திரம் சொன்னார். எல்லாரும் திருப்பிச் சொன்னோம். "கோத்திரத்தைச் சொல்லிக்கோங்கோ" என்றார். சிவ கோத்திரம் என்றேன். அவனும் சிவ கோத்திரம் என்றான். அது பாதிப் பேர் சொல்வது.

"தகப்பனார் பேரைச் சொல்லிக்கோங்கோ."

"கைலாசம்" என்றேன். பக்கத்திலும் "கைலாசம்" என்று கேட்டது.

என்னை நையாண்டி செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். கைலாசம் என்று தெருவுக்கு நாலு பேர் உண்டு.

"பாட்டனார் பேரை."

"சிவசைலம்." இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. தளவாய் தலையை நீட்டி அவனைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"பாட்டனாருக்குத் தகப்பனார் பேரை."

நான் சொல்லாமல் அவன் பக்கம் காதைக் கொடுத்தேன். அவன் நிதானமாக, தெளிவாகச் சொன்னான். "அழகியகூத்தன்."

எங்கள் பூட்டன் பேர். இந்த ஊரில் அந்தப் பேர் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: நான், கோமதி, இன்னொருத்தன். சாட்சிக்குக் கூட்டி வந்த மூன்று பேருக்கும் காது நன்றாகக் கேட்டது.

வாத்தியாருக்கு ஒன்றும் தெரியாது. அவர் பாட்டுக்கு, "கூடப்பிறந்தவா யாராவது காலமாயிருந்தா அவா பேரையும் சொல்லி விடுங்கோ" என்றார்.

என் பக்கத்தில் இருந்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்ல அவருக்கு ஆள் இல்லை. வெந்த பாதியும் வேகாத பாதியுமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போயிருக்கலாம். சும்மா இருந்திருக்கலாம். பதினெட்டு வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. பழக்கம் என்றுதான் எழுதுகிறேன்.

"சிவசைலம்."

கையில் இருந்த எள்ளுத் தண்ணீரைச் சாய்த்தேன். அது கீழே விழவில்லை. அவர் கையை நீட்டிக் குழித்து ஏந்திக்கொண்டார். எள்ளோடு சேர்த்து மடக்கென்று குடித்தார்.

"சிவ சிவா! என்ன காரியம் ஓய்!" என்று வாத்தியார் அலறினார்.

"இத்தனை வருசமா நீ ஊத்துன தண்ணி இன்னைக்குத்தாம்ல எனக்கு வந்து சேந்திருக்கு, வீரபாகு" என்றார் அவர்.

தளவாய் எழுந்து நின்று, "யய்யா... கைலாசம் மாமா மவன் சிவசைலம் அண்ணாச்சியாய்யா நீங்க?" என்று கையெடுத்துக் கும்பிட்டான். கூட்டம் கூடிவிட்டது. நான் எப்படி வீடு வந்தேன் என்று தெரியவில்லை. அவரும் பின்னாலேயே வந்தார்.

கோமதி வாசலில் நின்றாள். "வாங்க பெரியண்ணே" என்றாள். அதிர்ச்சியே இல்லை. பெண்களுக்கு நெஞ்சழுத்தம் அதிகம். கூடத்தில், அப்பா உட்காருகிற இடத்தில் இலை போட்டிருந்தாள். படையல் போடுகிற இடத்தில் இல்லை. ஆள் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில்.

அவர் சாப்பிட்டார். பாயசத்தையும் குடித்துவிட்டு, இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"எனக்குக் கொள்ளி வச்சாச்சு, அம்மாவும் போய்ட்டான்னு நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் அங்க வந்து சொன்னான். அப்புறம் யாருக்காக வரணும்னு இருந்துட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கேன். மண்டலேல இருந்து ஒரு கடிதாசி போட்டேன். வந்துதா, வரலியா?"

கோமதி மோர்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வீட்ட நெனச்சுப் பயப்படாத. எனக்கு இந்த வீடு வேண்டாம். வந்துதுன்னாலும் சொல்லு, நான் ஒன்ன ஒண்ணும் செய்யமாட்டேன். அந்த வயசுல புத்தி கெட்டுப் போச்சுன்னு நெனச்சுக்கிடுதேன். நெசத்த மட்டும் சொல்லு."

இப்படிக் கேட்டு வாயைப் பிடுங்குகிற வக்கீல்களை எனக்குத் தெரியாதா? ஒப்புக்கொண்டவன் கெட்டான். யுத்த காலத்துத் தபால், எத்தனையோ மூட்டை கடலில் போயிற்று. யார் நிரூபிக்க முடியும்?

"வரல" என்றேன். "வந்திருந்தா நான் இப்படிச் செய்வனா? அம்மா சத்தியமா வரல."

அவர் இலையை மடித்தார். பிறகு "சரி" என்றார். "வீடு ஒனக்கே இருக்கட்டும்."

ஜெயித்துவிட்டேன்! நெஞ்சில் பதினெட்டு வருஷமாக இருந்த கல் இறங்கிற்று. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ரங்கூனில் இருந்து மனிதருக்கு நம் ஊர் முறையெல்லாம் மறந்துபோயிருக்கிறது. இலையைத் தன் பக்கமாக மடிக்காமல் எதிர்ப்பக்கமாக மடித்தார். தெருவில் இறங்கும்போது "போய்ட்டு வாறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணம் வந்தால் மரியாதை போய்விடும்.

ஆடி 21, ஞாயிறு

தளவாய் வந்தான். உள்ளே வராமல் தெருவில் நின்றே பேசினான்.

"நேத்து ஒம்ம வீட்டுலருந்து போனாவல்லா, நேரா ஆத்துக்குப் போயி உடுத்துன துணியோட மூணு முங்கு முங்குனாவவே. காலைலதான குளிச்சிய அண்ணாச்சின்னு கேட்டேன். ஈரத்தோட போறாவ, திரும்பியே பாக்கல. இழவு வீட்டுக்குப் போய்ட்டு வந்தவுகதான் அப்படி முழுகுவாவ. ஒம்ம வீட்டுல எவன் செத்தான்?"

நான் பரணில் ஏறினேன். பெட்டியைத் திறந்தேன். ஆபீஸ் காகிதம் எல்லாம் வைத்தபடி இருந்தது. கடிதம் இல்லை. ஒவ்வொரு காகிதமாக உதறிப் பார்த்தேன். இல்லை.

கோமதி கிணற்றடியில் இருந்தாள். தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாளி வாளியாக.

"எங்கட்டீ அது?"

"பித்தளை துலக்குன அன்னைக்கே கொண்டு குடுத்துட்டேன்." நிமிர்ந்து பார்க்கவில்லை. "எழுதுன கடிதாசிய எழுதுனவுகளே திரும்ப வாசிச்சு அழுததப் பாக்கணுமே. 'எழுந்து போயி அவன் சட்டையப் பிடிச்சுக் கேளுங்க'ன்னேன். கேக்கல. 'அவன் வாயால வந்துதுன்னு ஒரு சொல்லு சொல்லட்டும் கோமு, போதும், எல்லாத்தையும் மறந்துருதேன்'னாவ. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நேத்து வந்தாவ. நீங்க அம்மா மேல சத்தியம் பண்ணுனிய."

அப்படியானால் நேற்று என் முன்னால் உட்கார்ந்து கேட்டபோது கடிதம் அவர் மடியிலேயே இருந்திருக்கும். பாவி மனுஷன்! தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார். இது அநியாயம் இல்லையா? தெரிந்த கேள்வியைச் சாட்சியிடம் கேட்பது எந்தக் கோர்ட்டில் நியாயம்?

ஈரத் தலையோடு ஒரு துணிமூட்டையை எடுத்துக்கொண்டாள். "சோத்துக்கு என்ன செய்யப்போறே? இங்கதான வரணும்?" என்று கத்தினேன். தெருவே கேட்டது. அவளும் போய்ட்டு வாறேன் என்று சொல்லவில்லை.

நேற்றைய இலை இன்னும் கொல்லையில் கிடக்கிறது. எதிர்ப்பக்கமாக மடித்தபடியே. கருமாதிச் சாப்பாட்டில்தான் அப்படி மடிப்பார்கள். எனக்கும் தெரியும். நேற்றே தெரியும்.

ஆடி 22, திங்கள்

வீடு முழுசும் எனக்குத்தான். சமையலுக்கு ஆள் பார்க்க வேண்டும். கொத்தன் இன்றும் வரவில்லை.

மாலையில் கமிட்டி ஆள் ஒரு காகிதம் கொண்டுவந்தான். மண்டபக் கல்லில் வெட்ட வேண்டிய வாசகம். உபயம் செய்கிறவர் பேரும் தகப்பன் பேரும் கட்டாயம் வேண்டும் என்று நான்தானே கேட்டேன். எழுதி அனுப்பிவிட்டார்.

'கைலாசம் பிள்ளை மக்கள் சிவசைலம், கோமதி இருவர் உபயம்.'

செயலாளர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் உளி வைப்பார்கள். இரண்டு தடவை வாசித்தேன். பேர், தகப்பன் பேர், முறை எல்லாம் சரியாகவே இருக்கிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.